முட்டையிட இடம் தேடும் தாய்ப்பூச்சி

முற்றத்துக் கறிவேப்பிலைச் செடியைக் காலை வெயிலில் சற்று நின்று கவனித்துப் பாருங்கள், சகோதரிகளே! கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து, இலைக்கு இலை உட்கார்ந்து முன்கால்களால் தட்டும். அந்தக் கால்களால்தான் அது இலையின் சுவையை அறிகிறது. கறிவேப்பிலை, எலுமிச்சை இனத்து இலைதான் என்று உறுதியான பிறகே, இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். ஏன் இத்தனை கவனம்? பொரித்து வரும் சின்னப் புழுவால் தூரம் போய் இரை தேட முடியாது. தாய் இடம் தவறினால் குஞ்சுக்குப் பட்டினிதான்.

நமது மலையகத்துப் பூண்டுலோயாவில் இருந்தபடி பூச்சிகளை ஆராய்ந்தவர் எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன். தேயிலையைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி 1890இலேயே நூல் எழுதியவர். பின்னர் இலங்கை அரசாங்கத்தின் பூச்சியியலாளரானார்.

தேயிலை மலைகளில் டோர்ட்ரிக்ஸ் என்னும் அந்துப்பூச்சி, முற்றிய இலையில் கூட்டமாக முட்டையிடும். புழுக்கள் கொழுந்தைச் சுருட்டித் தின்னும். கூடையில் நிறை குறையும். இதை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. தன் முட்டைக்கு இந்தத் தாய் தேர்ந்தெடுக்கும் இடம் அந்தப் புழுவின் உடல்! உள்ளே பொரிக்கும் குஞ்சு புழுவையே தின்று வளரும். தொல்லை அடங்கியது. பிற்காலத்தில், தண்டைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் தெளித்தபோது குளவிகளும் மடிந்தன. டோர்ட்ரிக்ஸ் மீண்டும் பெருகியது.

ஆகவே, கறிவேப்பிலையில் நாலு புழுவைக் கண்டதும் மருந்துப் போத்தலைத் தேடாதீர்கள். கையால் எடுத்து அப்புறப்படுத்தினாலே போதும். நமக்குத் தெரியாமல் காவல் காக்கும் தாய்ப்பூச்சிகளும் அதே செடியில் இருக்கலாம்.