பஸ் நிலையம் ரயில் நிலையமாதல்

கனடா நாட்டின் தலைநகரான ஒட்டாவாவில் 1983ஆம் ஆண்டு பஸ்களுக்கென்றே தனிப் பாதை திறக்கப்பட்டது. பிற வண்டிகள் புகாத அப்பாதையில் ரயில் நிலையங்களை ஒத்த நிலையங்கள் அமைந்தன. புறநகர்த் தெருக்களில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்ட பஸ், தனிப் பாதையிற் புகுந்து விரைவாக நகர மையத்தை அடைந்தது. இம்முறை பெற்ற வெற்றியே பின்னர் இடர்ப்பாட்டையும் விளைவித்தது. நகர மையத்தில் பாதை சாதாரண வீதிகளின் ஒரு தடமாகச் சுருங்கியமையால், பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தேங்கி நின்றன. ஆதலின் இலகு ரயில் அமைக்க முடிவு செய்யப்பட்டது.

கிழக்குப் புறநகரில் ஹர்ட்மன் முதல் பிளேர் வரையிலான பஸ் பாதை 2015இல் மூடப்பட்டது. பஸ்கள் நெடுஞ்சாலைக்கு மாற்றப்பட்டன. 2019 செப்டம்பர் 14 அன்று 12.5 கிலோமீட்டர் நீளமும் 13 நிலையங்களும் கொண்ட ரயில் பாதை திறக்கப்பட்டது. பிளேர் அதன் கிழக்கு முனையாயிற்று.

சாலையின்மீது தண்டவாளத்தைப் பதித்தால் போதாதா என்று மாணவர் வினவக்கூடும். போதாது. பஸ் சிறிது வளைந்தும் மேடையை ஒட்டி நிற்கும். ஏறத்தாழ 49 மீட்டர் நீளமுள்ள இரு வண்டிகள் இணைந்த ரயிலுக்கோ நேரான நீண்ட மேடை வேண்டும். வண்டித் தளமும் மேடையும் ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும். மேலே செல்லும் கம்பியில் 1500 வோல்ட் நேர்மின்னோட்டம் பாய்ந்து, தண்டவாளம் வழியே திரும்புகிறது. தண்டவாளத்தை மண்ணிலிருந்து காப்பிட்டுப் பிரிக்காவிடில், மின்னோட்டம் கசிந்து, புதைந்துள்ள உலோகக் குழாய்களை அரித்துவிடும்.

இவ்வளவு சிரமத்திற்குப் பயன் யாது? ஒரு டன் எடையைச் சமதளத்தில் உருட்ட, பஸ்ஸின் ரப்பர்ச் சக்கரத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 10 கிலோகிராம் இழுவிசை தேவை. எஃகுத் தண்டவாளத்தின்மீது எஃகுச் சக்கரத்திற்கு 1 முதல் 2 கிலோகிராமே போதும். ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்வதில் ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. காற்றுக் குறைந்த சைக்கிளையும், நன்கு காற்றடித்த சைக்கிளையும் தள்ளச் செய்து ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். ஆனால் எஃகின் பிடிப்புக் குறைவு. எனவே செங்குத்தான ஏற்றம் ரயிலுக்கு ஆகாது. ஒட்டாவாவின் பஸ் பாதையை வகுத்தவர்கள் பிற்காலத்தில் ரயிலும் செல்லத்தக்க ஏற்றங்களையும் வளைவுகளையும் தொடக்கத்திலேயே அமைத்திருந்தனர். மாற்றம் கைகூடியதற்கு அம்முன்யோசனை பேருதவியாயிற்று.

எனினும் மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. நான்காண்டுகள் மாற்றுப் பாதையில் சென்றனர். முன்பு ஒரே பஸ்ஸில் நகரை அடைந்த கிழக்குப் புறநகர்வாசிகள் பலர் பிளேரில் இறங்கி ரயிலேற வேண்டியதாயிற்று. அந்த ரயில் தவறாது ஓடினாலன்றோ இவ்வேற்பாடு பொருந்தும்? 2021 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வண்டிகள் தடம் புரண்டன. இரண்டாம் விபத்திற்குப்பின் 54 நாட்கள் ரயில் ஓடவில்லை. பொது விசாரணையின் அறிக்கை 2022 நவம்பரில் வெளிவந்தது. சோதனை ஓட்டத்தின் அளவுகோல்கள் தளர்த்தப்பட்டதை அது சுட்டிக்காட்டியது.

நம் நாட்டிலும் அகமதாபாத்தில் 2009 முதல் பஸ்கள் தனித்தடத்தில் ஓடுகின்றன. டில்லியில் 2008இல் திறந்த தனித்தடமோ 2016இல் அகற்றப்பட்டது. களப்பணியாளர் மனங்கொள்ளத்தக்க உண்மைகள் இரண்டு. இன்று பஸ்ஸுக்கென ஒதுக்கும் நிலம், அளவறிந்து வகுக்கப்பெற்றால், நாளை ரயிலுக்கும் உதவும். சோதனையை முற்ற முடிக்குமுன் பழைய வழியை மூடுதலோ, பிரயாணிகளை நடுவழியில் நிறுத்துவதாகும்.