நிலத்தடி வீட்டை அழகுபடுத்துவோம்



நம் நாட்டிலிருந்து கனடா சென்ற குடும்பங்கள் பலவற்றின் முதல் வீடு, யாரோ ஒருவருடைய வீட்டின் கீழ்த்தளமாகவே இருக்கிறது. 'பேஸ்மன்ட்' என்று அதனைச் சொல்வர். படியிறங்கிச் சென்றால் ஓரிரு சிறு அறைகள், பதிந்த கூரை, சுவரின் மேற்பகுதியில் ஒரு சிறிய ஜன்னல். உங்கள் மகளோ தங்கையோ அங்கு இருக்கலாம்; இதனை வாசிக்கும் நீங்களே இருக்கலாம். வாடகை வீடுதானே என்று விட்டுவிடாமல், அதனை இதமான இல்லமாக ஆக்கிக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

அங்கு குடிபோகும் நம் பெண்கள் பலர் முதலில் செய்வது ஜன்னலை மூடுவதுதான். அது வெளியே நிலமட்டத்தில் இருப்பதால், போவோர் வருவோர் பார்வை உள்ளே விழும். எனவே தடித்த துணியை ஆணியடித்து விடுகிறார்கள். சிலர் அலுமாரியையே நிறுத்தி விடுகிறார்கள். பர்தாவைப் பேணும் எண்ணம் போற்றத்தக்கது. ஆனால் படிக்கட்டைப் புகை அடைத்துவிட்டால், உயிரோடு வெளியேறும் வழி அந்த ஜன்னல்தான். படுக்கையறை ஜன்னல் உள்ளிருந்து கருவியின்றித் திறக்கக் கூடியதாகவும், திறந்த இடைவெளி 0.35 சதுர மீற்றருக்கும் அதன் அகலமும் உயரமும் 380 மில்லிமீற்றருக்கும் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது கனடாவின் தேசிய கட்டட விதிக்கோவையின் பொது விதி. உயிரைக் காப்பதும் மார்க்கக் கடமையல்லவா?

இரண்டையும் பேண வழியுண்டு. பனி படிந்தாற்போன்ற ஒட்டுத்தாளைக் கண்ணாடியில் ஒட்டுங்கள். வெளிச்சம் வரும், உள்ளிருப்போர் தெளிவாகத் தெரியமாட்டார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி போல மினுங்கும் தாள் வேண்டாம். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் வெளியிலிருப்பவருக்கு எல்லாம் தெரியும். அதன்மேல், ஒரே இழுப்பில் விலகும் வெள்ளைத் திரை போதும்.

அடுத்தது ஈரம். கோடையின் வெப்பக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டால் நீராகும். அங்கே பூஞ்சணம் பிடிக்கும். அதை அழகான சுவர்த்தாளால் மறைத்தால் உள்ளே இன்னும் பரவும். அறையின் ஈரப்பதன் 30 முதல் 50 வீதத்துக்குள் இருப்பது நல்லது. அதை அளக்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கும். அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். முழுத் தரைக்கும் கம்பளம் விரிக்காமல், கழுவி உலர்த்தக்கூடிய சிறு விரிப்புகளைப் போடுங்கள்.

மண்ணிலிருந்து கசியும் ரேடன் என்ற வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நீண்டகாலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். குறைந்தது 3 மாதம் வைத்து அளக்கும் கருவியைப் பற்றி வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

இவை சரியானால் அழகு எளிது. கூரைக்கு வெள்ளையும் சுவருக்கு வெளிர் மஞ்சளும் பூசினால் அறை விரிந்து தோன்றும். பதிந்த கூரையில் தொங்குவிளக்கு வேண்டாம். மூலைகளில் இரண்டு மூன்று விளக்குகள் வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே ஒரு நிலைக்கண்ணாடி வைத்தால் வெளிச்சம் கூடும். உயரம் குறைந்த இருக்கைகளே பொருந்தும். சாமான் நிறையாத ஒரு மூலையைத் தொழுகைக்கென ஒதுக்குங்கள். புகை எச்சரிப்புக் கருவியையும் காபன் மொனொக்சைட் எச்சரிப்புக் கருவியையும் அலங்காரத் துணியால் மூடிவிடாதீர்கள். வீட்டைச் சூடாக்கும் அடுப்பைச் சுற்றிப் பெட்டிகளை அடுக்காதீர்கள்.

சகோதரிகளே! வீட்டை அலங்கரித்து முடித்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். அவர்களால் திறக்க முடியாவிட்டால், உங்கள் அலங்காரம் இன்னும் முடியவில்லை.