தோம்பில் இல்லாத வீட்டை யார் வரைவது?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயன் வரிசைகள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இருக்கவில்லை, பெற்றோரும் இருக்கவில்லை. முதல் நாட்களில் காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்றார்கள். பிறகு அந்த எண்ணிக்கை பல தடவை மாறி, சில பத்துப் பேர் என்ற கணக்கில் வந்து நின்றது. பலரது உடல்கள் எடுக்கப்படவேயில்லை.

எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இல்லை என்பதே சர்ச்சையாகிப் போவது வன்னியிலிருந்து வந்தவர்களுக்குப் புதிதல்ல. இந்த இடத்தில் ஓவியர்களால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? உண்டு என்று காட்டும் வேலைகள் நம்மிடையே நடந்திருக்கின்றன.

ஓவியம் அசையாதது. கதைக்கோ முன், பின் வேண்டும். இந்தச் சிக்கலைப் பழைய ஓவியர்கள் எளிதாகத் தீர்த்தார்கள். கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொருவ விகாரையின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் ஜாதகக் கதைகள் நீண்ட பட்டைகளாக ஓடுகின்றன. ஒரே பாத்திரம் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வரும். நடந்துகொண்டே பார்ப்பவர் கதையை வாசித்துவிடுவார். இன்றைய சித்திரக்கதையும் கட்டம் கட்டமாகச் செய்வது இதையே.

போரின் கதையை அப்படிச் சொன்ன நூல் ஒன்று 2019இல் வெளியானது. வன்னியில் ஐ.நா. பணியாளராக இருந்த பெஞ்சமின் டிக்ஸ், ஓவியர் லிண்ட்சே பொலொக்குடன் சேர்ந்து உருவாக்கிய ‘வன்னி’ என்ற சித்திர நாவல் அது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. வன்னியை விட்டு வெளியேறியபோது டிக்ஸும் வெளியேறினார். நூலில் வரும் குடும்பம் கற்பனையானது. ஆனால் அதற்கு நேர்ந்தவை உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. சாட்சி சொன்னவரின் முகத்தைப் புகைப்படம் காட்டிக்கொடுத்துவிடும். கோட்டோவியம் மறைத்து வைக்கும். பேசப் பயப்படும் சமூகத்துக்கு இந்த வசதி பெரிது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் வேறு வழியை எடுத்தார். 2011இல் வெளியான அவருடைய ‘முற்றுப்பெறாத தோம்பு’ அலுவலகக் கோப்பு ஒன்றின் வடிவில் அமைந்த நூல். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து தரும்படி சனாதனன் கேட்டார். அவர்கள் கையால் வரைந்த படம், அதைக் கட்டடக்கலை முறைப்படி திருத்தி வரைந்த படம், அந்த வீட்டைப் பற்றி அவர்கள் சொன்ன கதை, அதற்குச் சனாதனன் தீட்டிய ஓவியம் ஆகியவை சேர்ந்தே ஒரு பதிவு. கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்பதை அளவுகோல் இல்லாத கைகள் சொல்கின்றன. வாசலை மறந்துபோனவர் கிணற்றடியைத் துல்லியமாக வரையலாம். அந்த வித்தியாசத்திலேயே கதை தொடங்கிவிடுகிறது.

இப்போது மலையகத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வீட்டுக்கு உறுதி இருந்தது. போரில் அது தொலைந்திருந்தாலும், ஒரு காலத்தில் இருந்தது. லயன் காம்பராவுக்கு உறுதி என்று ஒன்று இருந்ததேயில்லை. 10 அடிக்கு 12 அடி அறையும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் தோட்டத்துக்குச் சொந்தம்; வேலை இருக்கும்வரை குடியிருப்பு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலானோரை நாட்டின் பதிவிலிருந்தே நீக்கியது. அவர்களின் பெயரை விடாமல் எழுதிவந்த ஏடு தோட்டத்துச் செக்ரோல்தான். அதுவும் பேர் போடுவதற்கும் சம்பளத்துக்குமானது. வீட்டைப் பற்றியோ, வீட்டில் வாழ்ந்தவர்களைப் பற்றியோ அதில் எதுவும் இருக்காது.

இந்தக் கதையைப் பொருளாலேயே சொல்பவர் ஹனுஷா சோமசுந்தரம். மலையகத்தைச் சேர்ந்த இவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றவர். பயன்படுத்தி எறிந்த தேயிலைப் பைகள், தேயிலை வடிகட்டிகள், தேநீர்க் கறை ஆகியவை அவருடைய படைப்புகளில் இடம்பெறுகின்றன. சாயத்தை இறக்கிக்கொண்டு பையை வீசுகிறோம் என்பது யாருக்கும் தெரிந்த காரியம். அந்தப் பையின் மேலேயே தோட்டத்து வாழ்க்கை வரையப்பட்டிருக்கும்போது விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

இதில் ஒரு நெருடலும் உண்டு. கதை மக்களுடையது; கண்காட்சிச் சுவரில் தொங்கும் பெயர் ஓவியருடையது. கொழும்பில் படம் பார்க்கப்படும், கதை சொன்னவர் மறுநாளும் கொழுந்துக் கூடையைத் தூக்குவார். சனாதனனின் முறை எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். வீட்டுக்காரரின் கோணல் கோடு அங்கே அழிக்கப்படவில்லை. அது முதலில் நிற்கிறது, ஓவியரின் கை பிறகுதான் வருகிறது.

மீரியபெத்தைக்கு அப்படி ஒரு தோம்பு வேண்டும். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அனர்த்தத்துக்குப் பிறகு பாடசாலைகளிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டவர்களுக்கு 2016இல் மகல்தெனியவில் புதிய வீடுகள் கிடைத்தன. பழைய லயனில் எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள், பீலி எந்தப் பக்கம், அன்று காலை யார் வேலைக்கு இறங்கினார்கள், யார் வீட்டில் இருந்தார்கள் என்பதெல்லாம் இன்னமும் ஞாபகங்களில் இருக்கிறது. அன்று பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது வாலிபர்கள். பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது.

வன்னி வாசகருக்கு இது வேறு ஊர்க் கதையும் அல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து போன குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறின. அவர்களில் பலர் 2009 வரை நடந்த அனைத்தையும் அனுபவித்தார்கள். அப்படியொரு குடும்பத்து முதியவரிடம் வீட்டை வரையச் சொன்னால், எந்த வீட்டை என்று கேட்பார்: லயன் காம்பராவையா, காடு வெட்டிக் கட்டிய குடிசையையா, கடைசியாக விட்டுவந்த தறப்பாள் கொட்டிலையா?

மூன்றையும் வரையச் சொல்லலாம். ஒரு கொப்பித் தாளும் பென்சிலும் போதும். கோடு கோணலாகப் போனால் திருத்த வேண்டாம். ஒவ்வோர் அறையிலும் யார் படுத்தார்கள் என்று கேட்டு, அந்தப் பெயர்களை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மூலையில் திகதியும் வரைந்தவரின் பெயரும் இருக்கட்டும். ஓவியர் பிறகு வரலாம், வராமலும் போகலாம். எத்தனை பேர் என்று மறுபடி யாராவது கேட்கும்போது எடுத்துக்காட்ட அந்தத் தாள் இருக்கும்.