அழற்சி நோய்களும் நரம்பு மண்டலமும்

லூப்பஸ், முடக்குவாதம், சோகிரன் நோய் ஆகியவை மூட்டு, தோல், கண் ஆகியவற்றை மட்டுமே தாக்கும் எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் இவை உடல் முழுவதையும் பாதிக்கக்கூடிய அழற்சி நோய்களாகும். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி உடலையே தாக்குவதால் இவை ஏற்படுகின்றன. மூளை, முதுகுத் தண்டுவடம், நரம்புகள் ஆகியனவும் இதற்கு விலக்கல்ல.

பாதிப்பு ஏற்படும் விதம்

நரம்புகளுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்குழாய்கள் வீங்கி ஒடுங்கலாம். இரத்தம் உறைந்து பாரிசவாதம் ஏற்படலாம். வீங்கிய மூட்டு அருகிலுள்ள நரம்பை அழுத்தலாம். நோயெதிர்ப்புப் புரதங்கள் நரம்புகளை நேரடியாகவும் தாக்கலாம்.

லூப்பஸ் நோயின் தீவிரத்தை அளவிட உலகெங்கும் பயன்படும் ஸ்லெடாய் அளவுகோல் ரொறன்ரோவில் உருவாக்கப்பட்டது. அதில் மூட்டழற்சிக்கு 4 புள்ளிகள். வலிப்பு, உளமயக்கம், பாரிசவாதம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 8 புள்ளிகள். நரம்பு சார்ந்த அறிகுறிகளை மருத்துவர்கள் எவ்வளவு பாரதூரமாகக் கருதுகின்றனர் என்பதை இது உணர்த்துகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• கால் எரிவு, விறைப்பு: நீரிழிவு மட்டுமே காரணம் என முடிவு செய்யலாகாது, சோகிரன் நோயாலும் இவை ஏற்படும்.
• நெடுநாள் முடக்குவாதம் உள்ளவருக்குக் கழுத்து வலியுடன் கைகளில் பலவீனம்.
• 50 வயதைக் கடந்தவருக்குப் புதிய நெற்றிப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை வலி: தமனி அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவரை நாடாவிடில் பார்வை பறிபோகக்கூடும்.
• மறதி, குழப்பம், இல்லாததைக் காணுதல்: இவற்றை வீட்டார் மனநோய் என்றோ நரம்புத் தளர்ச்சி என்றோ மறைத்துவிடக் கூடாது. உரிய சிகிச்சையால் பலர் குணமடைகின்றனர்.

செய்ய வேண்டியவை

இத்தகைய மாற்றங்களை நோயாளர் தாமே உணராதிருக்கலாம். எனவே, அவற்றைக் கண்ட உறவினர் ஒருவர் குடும்ப மருத்துவரிடம் உடன் செல்வது நன்று. அறிகுறி தொடங்கிய நாளையும் உட்கொள்ளும் மருந்துகளையும் எழுதிச் செல்லவும். ஸ்டீரொய்ட் மருந்தை மருத்துவரைக் கேளாது திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

றிச்மண்ட் ஹில் வாசிகள் 811 என்ற ஒன்ராறியோ அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தாதியரிடம் ஆலோசனை பெறலாம். வலிப்பு, திடீர்ப் பார்வையிழப்பு, முகம் கோணுதல், பேச்சுக் குழறல், காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினும் தாமதியாது 911ஐ அழைக்கவும்.