வீட்டு அலங்காரமும் விற்பனை விலையும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்பது நம் முன்னோர் வாக்கு. மும்பைவாழ் தமிழர்கள் இதனோடு ‘வீட்டை விற்றுப்பார்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள ஒரு பிளாட், பல குடும்பங்களுக்கு ஆயுட்காலச் சேமிப்பு முழுவதுமாகும். பெரியவர்கள் ஊர் திரும்பும்போதும், பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்ளும்போதும் அது விலைக்கு வருகிறது. வாங்க வருபவர் கதவைத் திறந்ததும், கூடத்தின் நடுவே சிமெண்டுக் குகையும் அருவியும், சுவர் நிறையக் கண்ணாடிச் சில்லுகளும், கருநீலக் கூரையில் நட்சத்திர விளக்குகளும் தென்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆசையோடு செய்தவருக்கு அது சுவர்க்கம். வாங்க வந்தவருக்கோ இடித்து அகற்றவேண்டிய சுமை. இத்தகைய விசித்திர அலங்காரம் விலையை எவ்வாறு பாதிக்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மும்பையில் வீட்டின் விலை சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், புறச்சுவர்களை நீக்கி, உட்சுவர்களைச் சேர்த்து, பயன்படும் தரைப்பரப்பையே ‘கார்ப்பெட் பரப்பு’ என்று வரையறுக்கிறது. முத்திரைத் தீர்வைக்காக மகாராஷ்டிர அரசு வெளியிடும் மதிப்பு அட்டவணை, இடத்தையும் கட்டடத்தின் வகையையும் வயதையும் நோக்குகிறதேயன்றி, கூடத்து அருவியை நோக்குவதில்லை. ஆகவே, அலங்காரத்துக்குச் செலவிட்ட பணம் விலையில் அப்படியே திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

திரும்பி வராததோடு, சில அலங்காரங்கள் இருப்பதையும் குறைத்துவிடுகின்றன. 10 அடிக்கு 12 அடி அறையொன்றின் பரப்பு 120 சதுர அடி. நான்கு சுவர்களிலும் மூன்று அங்குலக் கனத்துக்கு மரப்பலகை பதித்தால், எஞ்சுவது ஏறக்குறைய 109 சதுர அடியே. பத்திரத்தில் அளவு குறையாது. ஆயினும் அறைக்குள் நிற்பவரின் கண்ணுக்கு அக்குறை தப்பாது. வாழும் அறையின் உயரம் பொதுவாக 2.75 மீட்டர், அதாவது சுமார் ஒன்பது அடி இருக்கவேண்டும் என்பது தேசியக் கட்டட நெறித் தொகுப்பின் விதி. அந்த ஒன்பதடியிலும் ஓரடியைப் பொய்க்கூரை விழுங்கிவிடுமானால், மின்விசிறி தலைக்கு மிக அருகில் சுழலும், வாங்குபவர் தயங்குவார்.

இதனினும் கடுமையானது கட்டடத்தையே மாற்றுவதாகும். பால்கனியை அறையோடு சேர்ப்பதும், நடுச்சுவரை எடுப்பதும் உரிய அனுமதியின்றிச் செய்யப்பட்டால், மகாராஷ்டிரத்தின் 1966ஆம் ஆண்டு நகர அமைப்புச் சட்டத்தின்படி அவற்றை அகற்றுமாறு உத்தரவு வரக்கூடும். அந்த உத்தரவு பழைய உரிமையாளரைத் தேடிச் செல்லாது. வாங்கியவர் வாசலுக்கே வரும். மேலும், எளிதில் கண்டறிய முடியாத முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தவேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். சுவரின் ஈரக்கசிவை அழகிய பலகையால் மறைத்து விற்பது வழக்கில் கொண்டுபோய் விடலாம்.

அப்படியானால் வெறுஞ்சுவர்களோடுதான் வாழவேண்டுமா? அன்று. மாட்டுங்காவின் வீதிகளே அதற்குச் சான்று. 1896இல் பரவிய கொள்ளைநோய்க்குப்பின், 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு நிறுவனம் தாதர்–மாட்டுங்காப் பகுதியைத் திட்டமிட்டு வகுத்தது. 1930, 40களில் அங்கே எழுந்த வீடுகள் பலவற்றில் வளைந்த பால்கனிகளையும், அலைபோன்ற இரும்புக் கிராதிகளையும் காண்கிறோம். ‘ஆர்ட் டெக்கோ’ எனப்படும் இப்பாணி அக்காலத்தில் புதுமோகமே. ஆயினும் அது ஒருவரின் தனிக்கிறுக்காக நில்லாமல், வீதி முழுவதற்கும் பொதுவான அழகாயிற்று. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் துணை நின்றது. மும்பை ஓவல் மைதானத்தையும் மெரீன் டிரைவையும் ஒட்டியுள்ள இப்பாணிக் கட்டடங்களை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆதலின் நல்ல தேக்குக்கதவையும் பழைய மொசைக் தரையையும் ‘நாகரிகம்’ கருதிப் பெயர்த்தெறிபவரும் நஷ்டமே அடைகிறார்.

தரமான பொருளுக்கு மதிப்பு உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் செட்டிநாடும் காட்டுகிறது. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்டு எழுப்பிய மாளிகைகள் சில, பங்காளிகள் பலரானமையாலும் பராமரிப்புச் செலவாலும் முழு வீடாக நிலைக்கவில்லை. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் தனித்தனியே விலைபோகின்றன. பொருளுக்கு விலை கிடைத்தது, வீடுதான் மறைந்தது.

இவற்றால் நாம் பெறும் பாடம் எளிது. நம் இல்லங்களில் நவராத்திரிக்குக் கொலு வைக்கிறோம். ஒன்பது நாள் கூடமே மாறிவிடுகிறது. பின்னர் பொம்மைகள் பெட்டிக்குள் செல்ல, சுவரிலும் தரையிலும் ஒரு வடுவும் எஞ்சுவதில்லை. தனிப்பட்ட ஆசைகளையும் அவ்வாறே அமைத்துக்கொள்வது நலம். படமும் விளக்கும் திரையும் நம்மோடு புறப்படட்டும். விற்கும் நாளில் சுவருக்கு வெள்ளை பூசி, எவை வீட்டோடு சேர்ந்தவை, எவை நம்மோடு வருபவை என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிவிடுவோம். நிலையாகப் பதிப்பதைமட்டும், நமக்குப்பின் அங்கே வாழப்போகும் குடும்பத்தையும் எண்ணிப் பதிப்போமாக.