காட்டில் வழி தவறினால் எந்தத் திசையில் நடப்பது?

மலையேற்றம் போகிறவர்கள் பலரும் வழிக்குக் கைப்பேசியையே நம்புகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் சிக்னல் போய்விடும், சார்ஜும் தீர்ந்துவிடும். அப்போது கைகொடுப்பது சூரியன்தான். ஆனால் வெளிநாட்டுக் கையேடுகளில் உள்ள முறைகள் நம் ஊருக்கு அப்படியே பொருந்தா.

எங்கே தவறுகிறோம்?

நண்பகல் சூரியன் தெற்கில் நிற்கும் என்பது ஐரோப்பாவுக்குச் சரி. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இருமுறை சூரியன் உச்சிக்கு நேராக வருகிறது. சென்னையில் இது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நிகழ்கிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும். எனவே கைக்கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனுக்கு நேரே வைத்துத் தெற்கைக் காணும் முறை இங்கே ஏமாற்றிவிடும். சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் ஓரிரு நாள்தான். ஜூன் கடைசியில் சுமார் 24 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளியும் உதிக்கும்.

நம்பத்தக்க முறை

சமதரையில் ஒரு மீட்டர் நீளக் குச்சியை நேராக நடுங்கள். நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். 20 நிமிடம் கழித்து, நகர்ந்த நுனியில் இன்னொரு கல் வையுங்கள். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே செய்தால் பிழை குறையும். இது நமக்குப் புதிதல்ல. அரண்மனை கட்ட இரு கோல்களின் நிழலால் திசை குறித்ததை நெடுநல்வாடை சொல்கிறது. சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள்; விழித்திரை பாதிக்கப்படும்.

திசை மட்டும் போதாது

சாலையோ ஊரோ எந்தப் பக்கம் என்பதைக் கிளம்பும்போதே குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாவிட்டால் திசை அறிந்தும் பயனில்லை. வழி தவறியது உறுதியானால் அலையாமல், திறந்த வெளியில் குழுவாக நில்லுங்கள். 112-ஐ அழையுங்கள், உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் வழியே அழைப்பு போகலாம். இருட்டிய பின் நடக்காதீர்கள். யானைகள் நடமாடும் நேரம் அது.

உரிமையும் கடமையும்

சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்கக் கூடாது. பணம் வாங்கும் அமைப்பாளரிடம் வனத்துறை அனுமதிச் சீட்டையும் வழிகாட்டியின் விவரத்தையும் கேளுங்கள். அது உங்கள் உரிமை. சொன்ன சேவையைத் தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம்.

அடுத்த பயணத்துக்கு முன், வீட்டு மொட்டை மாடியிலேயே இந்தக் குச்சி முறையைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒருமுறை செய்து பழகுங்கள்.