ஃபிரீ (ஆங்கிலச் சொல்)

ஃபிரீ என்பது ஆங்கில மொழியில் மிகப் பரவலாக வழங்கும் சொற்களுள் ஒன்றாகும். இது பெயரடையாகவும், வினையாகவும், வினையடையாகவும், பிற சொற்களின் இறுதியில் சேரும் ஒட்டாகவும் பயன்படுகிறது. விடுதலை, விலையின்மை, ஓய்வு, ஒன்று இல்லாதிருத்தல் எனத் தமிழில் வெவ்வேறு சொற்களால் குறிக்கப்படும் பொருள்களை ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் குறிக்கிறது. இவற்றுள் விடுதலை, விலையின்மை ஆகிய இரண்டும் மயங்குவது மென்பொருள், இணையம் ஆகிய துறைகளில் பயனரின் உரிமைகள் பற்றிய குழப்பத்துக்குக் காரணமாக இருந்து வருகிறது.

சொற்பிறப்பு

இச்சொல் பழைய ஆங்கிலத்தில் "ஃபிரெயோ" என வழங்கியது. செருமன் மொழியின் "ஃபிரை", டச்சு மொழியின் "ஃபிரெய்" ஆகியவை இதன் இனச்சொற்கள். இவை அனைத்தும் "அன்பு செய்தல்" என்ற பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து தோன்றியவை. நண்பரைக் குறிக்கும் "ஃபிரெண்ட்" என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரைச் சேர்ந்தது. சமசுகிருதத்தின் "பிரிய" என்ற சொல்லுக்கும் அதுவே வேர். எனவே தமிழில் வழங்கும் "பிரியம்" என்ற வடசொல்லும் ஃபிரீ என்ற ஆங்கிலச் சொல்லும் தொலைதூர உறவுடையவை.

அன்புக்குரியவர் என்ற பொருள் அடிமையல்லாதவர் என்ற பொருளாக மாறியதற்கு மொழியியலாளர் ஒரு விளக்கம் தருகின்றனர். பண்டைய குடும்பத்தில் தலைவனின் உறவினரும் அடிமைகளும் சேர்ந்து வாழ்ந்தனர். அவர்களுள் அன்புக்குரிய உறவினரே அடிமையல்லாதவர். இலத்தீன் மொழியிலும் "லீபெரி" என்ற சொல் அடிமையல்லாதவர், பிள்ளைகள் ஆகிய இரு பொருளையும் தந்தது.

விலையின்மை என்ற பொருள் காலத்தால் பிந்தியது. "செலவிலிருந்து விடுபட்டது" என்ற தொடர் சுருங்கி, 16ஆம் நூற்றாண்டளவில் இச்சொல் தனித்தே அப்பொருளைத் தரத் தொடங்கியது.

பொதுப் பயன்பாடுகள்

அன்றாட ஆங்கிலத்தில் இச்சொல் தரும் முதன்மையான பொருள்கள் வருமாறு:

- விடுதலை: சிறைப்படாத, அடிமைப்படாத, பிறர் ஆட்சிக்கு உட்படாத நிலை.
- விலையின்மை: பணம் கொடுக்காமல் பெறத்தக்கது. கட்டணமில்லாத் தொலைபேசி எண்களின் பெயரில் வருவது இப்பொருளே.
- ஓய்வு: ஒருவருக்கு வேலை இல்லாத நேரம், அல்லது எவரும் அமராத இருக்கை. பேச்சுத் தமிழிலும் "ஃபிரீயா இருக்கீங்களா?" என்று இப்பொருளில் வழங்குகிறது.
- இன்மை: பிற சொல்லின் ஈற்றில் சேரும்போது அச்சொல் குறிக்கும் பொருள் இல்லை என்பதைக் காட்டும். "சுகர் ஃபிரீ" என்பது சர்க்கரை சேர்க்காதது. சர்க்கரையை விலையின்றித் தருவது அன்று.
- விடுவித்தல்: வினையாக வரும்போது கட்டவிழ்த்தல், வெளியேற விடுதல்.

தற்சார்பாகப் பணியாற்றுபவரைக் குறிக்கும் "ஃபிரீலான்சு" என்ற சொல்லில் "லான்சு" என்பது ஈட்டி ஆகும். எந்த ஒரு தலைவனுக்கும் கட்டுப்படாமல் கூலிக்குப் போரிடும் ஈட்டி வீரர் என்ற பொருளில் வால்டர் இசுக்காட் 1819இல் வெளியான ஐவன்ஹோ என்ற புதினத்தில் இதனைப் பயன்படுத்தினார். இங்கு ஃபிரீ என்பது கூலி பெறாதவரைக் குறிக்கவில்லை. கூலிக்குப் போரிடுபவரையே குறித்தது.

துறைசார் பயன்பாடுகள்

துறைச்சொற்களில் ஃபிரீ என்பது "எதிலிருந்து விடுபட்டது?" என்ற கேள்விக்கு விடை தெரிந்தால்தான் பொருள்படும். அவ்விடை துறைக்குத் துறை மாறுபடுகிறது.

இயற்பியல்: தடையிலா வீழ்ச்சி என்பது ஈர்ப்பு விசை தவிர வேறு விசை எதுவும் தாக்காத இயக்கம் ஆகும். இது ஈர்ப்பிலிருந்து விடுபட்ட நிலை அன்று. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு, தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. நிலையமும் அதிலுள்ளோரும் சேர்ந்தே வீழ்ந்துகொண்டிருப்பதால் எடையற்றது போன்ற நிலை தோன்றுகிறது.

வேதியியல்: இணைசேரா எலக்ட்ரானை உடைய அணு அல்லது மூலக்கூறு தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தனி உறுப்பு எனவும், இலங்கையில் சுயாதீன மூலிகம் எனவும் வழங்குகிறது. 1900இல் மோசசு கோம்பர்க் முதல் கரிமத் தனி உறுப்பைக் கண்டறிந்தார். கட்டிலா ஆற்றல் என்பது ஓர் அமைப்பின் ஆற்றலில் வேலையாக மாற்றத்தக்க பகுதி ஆகும். தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் ஃபிரீ என்ற அடைமொழியை விலக்கி, "கிப்சு ஆற்றல்" என்று மட்டும் கூறுவதையே பரிந்துரைக்கிறது.

ஏரணமும் கணினியியலும்: "எல்லாவற்றுக்கும்", "ஏதேனும் ஒன்றுக்கு" போன்ற அளவுக்குறிகளுக்குள் அடங்காத மாறி கட்டற்ற மாறி எனப்படும்; அடங்கியது கட்டுண்ட மாறி எனப்படும். சி நிரல்மொழியில் ஃபிரீ என்பது ஒரு செயற்கூறின் பெயர். நிரல் முன்பு கேட்டுப் பெற்ற நினைவகப் பகுதியை இது திருப்பிக் கொடுக்கிறது. திருப்பிக் கொடுத்த பகுதியை நிரல் மீண்டும் பயன்படுத்தினால் கடுமையான பாதுகாப்புக் குறைபாடுகள் தோன்றலாம்.

பொருளியல்: தடையற்ற வணிகம் என்பது இறக்குமதித் தீர்வை, இறக்குமதி அளவு வரம்பு போன்றவை இல்லாத அல்லது மிகக் குறைந்த வணிகத்தைக் குறிக்கும். இங்கு விலக்கப்படுவது அரசின் தடையே. பொருளின் விலை அன்று.

விளையாட்டு: துடுப்பாட்டத்தின் வரையிட்ட நிறைவுப் போட்டிகளில் முறையற்ற பந்து வீச்சுக்கு அடுத்த பந்து ஃபிரீ ஹிட் ஆகும். அப்பந்தில் துடுப்பாளர் பிடி கொடுத்தோ, இலக்கு வீழ்த்தப்பட்டோ ஆட்டம் இழப்பதில்லை. எனினும் ஓட்டத்தில் ஆட்டமிழக்கக்கூடும். முதலில் கால்வரம்பு மீறிய பந்துகளுக்கு மட்டும் இருந்த இவ்விதி 2015 முதல் எல்லா வகை முறையற்ற பந்துகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

இலக்கியம்: பிரெஞ்சு மொழியின் "வேர் லீபர்" என்பதன் மொழிபெயர்ப்பாக, யாப்புக்குக் கட்டுப்படாத பாடல் ஆங்கிலத்தில் ஃபிரீ வெர்சு எனப்பட்டது. தமிழில் இதன் நேர் மொழிபெயர்ப்பு நிலைக்கவில்லை. "புதுக்கவிதை" என்ற வேறு பெயரே நிலைத்தது.

மென்பொருளில் பொருள் மயக்கம்

1983 செப்டம்பரில் ரிச்சர்டு இசுட்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985இல் ஃபிரீ சாஃப்ட்வேர் பவுண்டேசன் என்ற அறக்கட்டளை நிறுவப்பட்டது. இவ்வியக்கம் ஃபிரீ என்ற சொல்லால் குறிப்பது விலையை அன்று. பயனரின் உரிமையையே ஆகும். அவ்வுரிமைகள் பின்வரும் நான்காக வகுக்கப்பட்டுள்ளன. நிரலாளர் வழக்கப்படி எண்ணிக்கை 0இல் தொடங்குகிறது.

- உரிமை 0: எந்நோக்கத்துக்காகவும் நிரலை இயக்குதல்.
- உரிமை 1: நிரல் இயங்கும் முறையை ஆராய்ந்து, தேவைக்கேற்ப மாற்றுதல்.
- உரிமை 2: படிகளைப் பிறருக்கு வழங்குதல்.
- உரிமை 3: மாற்றிய படிகளையும் பிறருக்கு வழங்குதல்.

இவற்றுள் எதுவும் விலையைப் பற்றிப் பேசவில்லை. இசுட்டால்மன் தம் ஈமாக்சு நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 அமெரிக்க டாலருக்கு விற்றார். வாங்கியவர் அதனைப் படியெடுத்து எவருக்கும் கொடுக்கலாம். மறுபுறம், இன்டர்நெட் எக்சுபுளோரர் உலாவிக்குப் பயனர் தனியே பணம் செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் அதன் மூலநிரலைக் காணவோ, பழுது நீக்கவோ பயனருக்கு உரிமை இல்லை. 2022இல் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது, அதனைத் தாமே தொடர்ந்து வளர்க்கும் வாய்ப்பும் பயனர்களுக்கு இல்லை. விலையின்றிக் கிடைக்கும் இத்தகைய மூடிய மென்பொருள் பெரும்பாலும் "ஃபிரீவேர்" என்ற வகையில் சேர்க்கப்படுகிறது. இச்சொல்லை 1982இல் ஆண்ட்ரூ ஃபுளூகல்மன் உருவாக்கினார். ஃபிரீ சாஃப்ட்வேர், ஃபிரீவேர் ஆகிய இரு பெயர்களும் ஒலியில் நெருங்கியவை, பொருளில் வேறானவை.

ஆங்கிலத்தில் பேச்சுச் சுதந்திரத்தைக் குறிக்கும் தொடரிலும், காசில்லாமல் கிடைக்கும் பியரைக் குறிக்கும் தொடரிலும் இதே சொல் வருகிறது. இவ்வியக்கத்தினர் முதலாவதையே தாம் கருதுவதாக ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது. 1998 சனவரியில் நெட்சுகேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்ததைத் தொடர்ந்து, பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் கூடியவர்கள் வேறு பெயரை நாடினர். கிறிசுட்டீன் பீட்டர்சன் முன்மொழிந்த "ஓப்பன் சோர்சு", அதாவது திறமூலம், என்ற பெயர் நிறுவனங்களிடையே விரைவில் பரவியது. மூலநிரல் திறந்திருப்பதை மட்டும் கூறும் இப்பெயர், உரிமை என்ற கருத்தைப் பின்னுக்குத் தள்ளுவதாக இசுட்டால்மன் எதிர்த்தார்.

பிற மொழிகளில்

பிரெஞ்சு மொழியில் விடுதலைக்கு "லீபர்" என்றும், விலையின்மைக்கு "கிராத்துயி" என்றும் இரு சொற்கள் உள்ளன. எசுப்பானியத்தில் இவை "லீப்ரே", "கிராத்திசு" என வழங்குகின்றன. ஆகவே அம்மொழிகளில் இக்குழப்பம் பெரிதாக எழவில்லை. ஆங்கிலம் பேசுவோரும் வேறுபாட்டைக் காட்ட "லிப்ரெ" என்பதைக் கடன் வாங்கினர். 2010இல் ஓப்பன் ஆபிசு திட்டத்திலிருந்து பிரிந்த அலுவலகத் தொகுப்பு லிப்ரெ ஆபிசு எனப் பெயர் பெற்றது.

கலைக்களஞ்சியத்தில்

2001இல் தொடங்கிய விக்கிப்பீடியா ஆங்கிலத்தில் தன்னை ஃபிரீ கலைக்களஞ்சியம் என அறிமுகப்படுத்திக்கொள்கிறது. இதனைப் படிக்கக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அடைமொழி குறிப்பது, உள்ளடக்கத்தை எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், வெளியிடலாம் என்ற உரிமத்தை ஆகும்.

இவ்வுரிமையின் நடைமுறைப் பயன் 2002 பிப்ரவரியில் வெளிப்பட்டது. விக்கிப்பீடியாவில் விளம்பரங்கள் இடம்பெறக்கூடும் என்று அஞ்சிய எசுப்பானிய மொழிப் பங்களிப்பாளர் பலர், கட்டுரைகளைப் படியெடுத்துக்கொண்டு வெளியேறி, "என்சிக்ளோப்பீடியா லீப்ரே" என்ற தனித் திட்டத்தைத் தொடங்கினர். கலைக்களஞ்சியம் விலையற்றதாக மட்டும் இருந்திருந்தால், அவர்கள் தம் உழைப்பை விட்டுவிட்டு வெறுங்கையுடன் செல்ல நேர்ந்திருக்கும். விக்கிப்பீடியா விளம்பரமின்றியே தொடர்ந்தது.

இந்தி விக்கிப்பீடியா இவ்வடைமொழியை "முக்த" என்றும், மலையாள விக்கிப்பீடியா "சுவதந்திர" என்றும், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா "கட்டற்ற" என்றும் மொழிபெயர்த்துள்ளன. எதுவும் விலையைக் குறிக்கும் சொல் அன்று.

ஃபிரீ பேசிக்சு

தேர்ந்தெடுத்த சில இணையத்தளங்களைத் தரவுக் கட்டணமின்றி வழங்கும் ஒரு திட்டத்துக்கு ஃபேசுபுக் நிறுவனம் 2015இல் ஃபிரீ பேசிக்சு எனப் பெயரிட்டது. எந்தத் தளங்கள் இடம்பெறலாம் என்பதற்கான விதிகளை அந்நிறுவனமே வகுத்தமையால், இது விலையில் மட்டுமே ஃபிரீ என்று இணையச் சமநிலை ஆதரவாளர்கள் எதிர்த்தனர். 2016 பிப்ரவரி 8 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறுபடும் தரவுக் கட்டணங்களைத் தடை செய்தது. அதன்பின் இத்திட்டம் இந்தியாவில் கைவிடப்பட்டது.

தமிழில் மொழிபெயர்ப்பு

தமிழில் "அற்ற", "இல்லாத" போன்ற ஈறுகளைக் கொண்டு மொழிபெயர்க்கும்போது எது இல்லை என்பதை முதலில் கூறியாக வேண்டும். விலையில்லாத, தடையற்ற, கட்டற்ற, சர்க்கரை இல்லாத என ஒவ்வொன்றும் வேறு தொடராகிறது. ஆங்கிலம் கூறாமல் விடுவதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்ய வேண்டியிருப்பதால், பொருளை ஆராயாமல் "இலவசம்" என்று எழுதுவது பிழைக்கு இடம் தருகிறது. "இலவச மென்பொருள்" என்ற வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. அதைப் படிப்பவர் காசு மிச்சம் என்பதை அறிவார். நிரலைத் தன் மொழிக்கு ஏற்ப மாற்றவும் பகிரவும் தனக்குள்ள உரிமையை அறியார்.

இப்பொருளில் "கட்டற்ற மென்பொருள்" என்பது பரவலாக வழங்குகிறது. "சுதந்திர மென்பொருள்", "தளையறு மென்பொருள்" ஆகியவையும் வழக்கில் உள்ளன. "கட்டற்ற" என்பது ஒழுங்கற்ற என்றும் பொருள்படக்கூடும் என்பதால், பிற இரண்டையும் விரும்புவோர் உளர்.

விலையின்மையைக் குறிக்கும் சொற்களிலும் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய திட்டம் "இலவச" வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் எனப்பட்டது. 2011க்குப் பின் அரசு அறிவிப்புகளில் மடிக்கணினி, அரிசி முதலியவற்றுக்கு "விலையில்லா" என்ற அடைமொழி இடம்பெற்றது. ஆங்கிலத்தில் இரண்டும் ஃபிரீ என்றே பெயர்க்கப்படும்.

இவற்றையும் பார்க்க

- கட்டற்ற மென்பொருள்
- திறமூல மென்பொருள்
- அளிப்புரிமை
- இணையச் சமநிலை
- பலபொருள் ஒருமொழி